பதினேழாவது வளையம்

காற்றைத் தூற்றிக்கொண்டே
நானூறு வருடம் பிழைத்த ஊர் இது.
ஃப்ரீஸ்லாந்தில் வெயிலை யாரும் பொருட்படுத்தியதில்லை.
ஆறு வாரம் வந்து அறையெடுத்துத் தங்கிப்போகும்
சுற்றுலாக்காரர்களில் அதுவும் ஒன்று.

என் வேலை
அதனிடம் வாடகை வசூலிப்பது.

கால்வாய்க் கரைச் சாலையில்
தாருக்கு அரைச் சாண் கீழே
கறுப்புக் குழாய்கள் வளைந்து வளைந்து ஓடுகின்றன,
மொத்தம் நாற்பது வளையங்கள்.
ஜூலையில் லாரிகள் மிதித்துப் போக
உள்ளே தண்ணீர் சூடேறி
நூறு மீட்டர் ஆழத்து மணலில் போய்ப் படுத்துக்கொள்ளும்.
நவம்பரில் வால்வைத் திருப்புவேன்.
படுத்தது எழுந்து வரும்.
பம்பு அறையில் கொஞ்சம் முறுக்கேற்றி
எதிரே ஏழு மாடிக் குடியிருப்புக்கு அனுப்புவேன்.
மிஞ்சிய வெதுவெதுப்பு சாலைக்கே திரும்பும்,
உறையாமலிருக்க அதற்கும் ஒரு பங்கு.

மூன்றாம் மாடி ஷோக்யே ஒருமுறை சண்டைக்கு வந்தாள்:
"ஜூலையில் பாலத்து நெரிசலில்
நாற்பது நிமிடம் வெந்தேனே,
அந்த வெயிலுக்கா இப்போது பில்?"
அதே வெயில்தான் என்றேன்,
குளித்துவிட்டு வந்திருக்கிறது.

செப்டம்பரில்
இணையக் கேபிள் புதைக்க வந்தவர்கள்
வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு
பதினேழாவது வளையத்தைத் துளைத்தார்கள்.
அழுத்தமானியில் முள் சாய்ந்தது.
வால்வை மூடி
சிவப்பு அட்டையொன்றைக் கட்டித் தொங்கவிட்டேன்.
நாற்பதில் ஒன்று. யாருக்குக் குறையப்போகிறது?

ஜனவரி பதினொன்று.
விடிந்தபோது சாலை முழுக்கக் கறுப்பு, ஈரம்.
நடுவில் நான்கு மீட்டர் அகலத்துக்கு மட்டும்
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு
வெள்ளை.

தன் சாலை சூடானது என்று
இந்த ஊர் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தது.
எட்டு வருடம் ஓடியபோது
ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை.

தபால்காரர் வொப்பே சைக்கிளோடு அதில் விழுந்தார்.
மணிக்கட்டு முறிந்தது.
சிதறிய கடிதங்களில் ஒன்று எனக்கு, நகராட்சியிலிருந்து:
பதினேழை விரைந்து பழுதுபார்க்கவும்.

தடுப்புக் கட்டைகளோடு போனேன்.
எனக்கு முன்பே பிள்ளைகள் வந்திருந்தார்கள்.
பின்னே?
கால்வாய் உறைந்து ஏழு குளிர்காலம் ஆயிற்று.
சறுக்குக் கத்திகள் பரண் பெட்டியில் கிடக்க
கால்கள் வளர்ந்துவிட்டன.
அக்கா காலணியில் தம்பி, மூன்று காலுறை திணித்து.
வீட்டிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி
பனியைத் தடிக்க வைத்திருந்தார்கள்.
எட்டு மீட்டர்தான் ஓட்டம்.
வேகம் பிடிப்பதற்குள் கரை வந்துவிடும்.
திரும்பினார்கள், திரும்பினார்கள்,
வொப்பேயின் மகள் இட்ஸ்கே எல்லோருக்கும் முன்னால்,
மூக்கு ஒழுக.

வொப்பே மாவுக்கட்டுக் கையோடு
என் கட்டையில் சாய்ந்து நின்றார்.
"எப்போது சரிசெய்வாய், ரிக்ஸ்ட்?"
"தாரைப் பெயர்க்க வேண்டும்.
உறைந்த மண்ணில் முடியாது."
இந்தச் சாலையின் மண் உறையாது.
அது அவருக்கும் தெரியும்.
பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அப்படியென்றால் மார்ச்" என்றார்.

சாலையின் இரு முனையிலும் கட்டைகளை இழுத்துப் போட்டேன்.
கார்கள் சர்ச் பக்கம் சுற்றிப் போகட்டும்.

அன்றிரவு பம்பு அறையில்
வழக்கம்போல் மணிக்கு ஒருமுறை கணக்கெழுதினேன்,
ஏறிய நீர், இறங்கிய நீர்.
ஏழு மாடியிலும் ஜூலை ஓடிக்கொண்டிருந்தது,
நான்கு மீட்டர் குறைந்த ஜூலை.
ஷோக்யே வீட்டில் மட்டும் ஜன்னல் திறந்திருந்தது.
புழுக்கம் என்றா,
கீழே இருட்டில்
இன்னும் யாரோ சறுக்கும் சத்தத்துக்காகவா,
மீட்டரில் தெரியவில்லை.